லைசென்ஸில் ஓர் எழுத்து... இன்சூரன்ஸில் 50 லட்சம் டாலர்! அமெரிக்க லாரி ஓனர்கள் போடும் கணக்கு என்ன?

2023 ஜூன் 11. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஐ-95 நெடுஞ்சாலைக்குக் கீழே பெட்ரோல் டேங்கர் ஒன்று கவிழ்ந்து தீப்பிடித்தது. டிரைவர் உயிரிழந்தார். மேலே இருந்த பாலம் இடிந்து விழுந்தது. தற்காலிகப் பாதை திறக்கவே 12 நாள்கள் ஆனது.

ஒரே ஒரு லாரி இவ்வளவு சேதம் செய்யும் என்றால், அந்தச் செலவை யார் ஏற்பது? பெரிய நிறுவனம் என்றால் சமாளித்துவிடும். ஒரே லாரியை வாங்கி, தானே ஓட்டும் 'ஓனர் கம் டிரைவர்' என்ன செய்வார்? ஆபத்தான சரக்கை ஏற்றலாமா, வேண்டாமா என்ற அவரது முடிவு பெரும்பாலும் இன்சூரன்ஸில்தான் வந்து நிற்கிறது.

அது என்ன 'எச்'?

அமெரிக்காவில் அபாய எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டிய சரக்கை ஓட்ட, கமர்ஷியல் லைசென்ஸில் 'எச்' என்ற கூடுதல் அனுமதி வேண்டும். இதுதான் ஹாஸ்மட் எண்டார்ஸ்மென்ட். டேங்கர் ஓட்டும் அனுமதியும் சேர்ந்தால் அது 'எக்ஸ்'.

எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. விரல் ரேகை கொடுத்து, போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ-வின் பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும். 2022 பிப்ரவரி முதல், புதிதாக வாங்குபவர்களுக்குக் கோட்பாட்டுப் பயிற்சியும் கட்டாயம்.

'எச்' வாங்கினாலே பிரீமியம் ஏறுமா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். லைசென்ஸில் 'எச்' இருப்பது மட்டுமே பிரீமியத்தை ஏற்றிவிடாது. லாரியில் என்ன ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்கு ஓடும் கனரக லாரிகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச பொறுப்புக் காப்பீடு இது:

• சாதாரண சரக்கு: 7.5 லட்சம் டாலர்
• பெட்ரோல், டீசல் மற்றும் பெரும்பாலான அபாயச் சரக்குகள்: 10 லட்சம் டாலர்
• டேங்கரில் போகும் எல்பிஜி, அமோனியா, பெரும் அளவிலான வெடிபொருள் போன்றவை: 50 லட்சம் டாலர்

முதல் இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய இடைவெளி இல்லை. சாதாரண சரக்குக்கே 10 லட்சம் டாலர் பாலிசி இருக்கிறதா என்றுதான் பெரும்பாலான சரக்கு புரோக்கர்கள் கேட்கிறார்கள். அதனால் பெயின்ட் டின் ஏற்றுபவரின் பாலிசித் தொகை அப்படியே இருக்கலாம். ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனம் அவரைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். அபாயச் சரக்கு என்றாலே சில நிறுவனங்கள் ஒதுங்கிவிடும். போட்டி குறைந்தால் விலை ஏறத்தானே செய்யும்?

உண்மையான அடி, 50 லட்சத்தில்தான். பெரும்பாலும் 10 லட்சத்துக்கு ஒரு பாலிசி, அதற்கு மேல் கூடுதல் பாலிசி என்று அடுக்கடுக்காக வாங்க வேண்டும். நூறு லாரி வைத்திருப்பவர் இந்தச் செலவைப் பிரித்துக்கொள்வார். ஒற்றை லாரிக்காரருக்கு அந்த வழி இல்லை. மாதத்துக்கு ஒரு லோடு ஏற்றினாலும், வருஷம் முழுக்கப் பிரீமியம் கட்ட வேண்டும்.

சொல்லாமல் ஏற்றினால்?

'எப்போதாவது ஒரு லோடுதானே' என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மறைப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. லைசென்ஸைப் போலவே பாலிசியிலும் 'எண்டார்ஸ்மென்ட்' என்று ஒன்று உண்டு. அதன் பெயர் எம்சிஎஸ்-90. பாலிசியில் விலக்கு இருந்தாலும், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதற்கான உத்தரவாதம் அது.

நல்ல விஷயம்தானே? மக்களுக்கு, ஆமாம். ஆனால் கொடுத்த பணத்தை லாரி ஓனரிடமே திரும்பக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதாவது அது அவரைக் காப்பாற்றும் கவசம் அல்ல; வீடு, லாரி வரை கேள்விக்குள்ளாக்கும் கடன்.

சரக்கு கொட்டி மண்ணும் தண்ணீரும் மாசுபட்டாலும் இதே கதைதான். வழக்கமான வாகன பாலிசி, சரக்கால் வரும் மாசை விலக்கி வைத்திருக்கும். அதற்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும்.

வேறு வழி?

பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஓட்டுவது. அப்போது பொதுமக்களுக்கான பொறுப்புக் காப்பீடு நிறுவனத்தின் தலையில். தன் லாரிக்கான சேதக் காப்பீடு போன்றவை மட்டும் ஓனர் பொறுப்பு. பதிலுக்கு, வாடகையில் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போகும். எதை எதைப் பிடித்தம் செய்வார்கள் என்று ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

சொந்த அனுமதியில் ஓட்டுபவர், கூடுதல் வாடகை கூடுதல் பிரீமியத்தைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும். வருஷத்துக்கு எத்தனை அபாய லோடு நிச்சயமாகக் கிடைக்கும் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால், அந்தக் கணக்கு நிற்காது.

இந்த வரம்புகள் மாறுமா?

இவை 1980-களில் வைத்த தொகைகள். 7.5 லட்சத்தை விலைவாசிக்கேற்ப உயர்த்தினால் இன்று 20 லட்சம் டாலரைத் தாண்டும். 2014-ல் மத்திய போக்குவரத்துத் துறை இதை மாற்றப் பேச்சைத் தொடங்கி, 2017-ல் கைவிட்டது. சிறு லாரி ஓனர்களின் சங்கமான ஓஓஐடிஏ, உயர்த்துவதைத் தொடர்ந்து எதிர்க்கிறது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வரம்பு ஏறினால் சின்ன ஓனர்கள் தொழிலை விட்டே போகலாம். ஏறாவிட்டால், அடுத்த பெரிய விபத்தின் மிச்சச் செலவு, பாதிக்கப்பட்டவர்கள் தலையிலும் வரி கட்டுபவர்கள் தலையிலும்தான் விழும்.