அனாமத்துக் கணக்கு

இங்கிலாந்தில் போய் செட்டிலாகும் யோசனை உள்ள வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் இருங்கள், பர்மிங்ஹாமில் இருங்கள், வாடகை கட்டுப்படியாகாவிட்டால் சொந்தக்காரர் வீட்டு ஹாலில் பாய் விரித்துக்கொள்ளுங்கள். மிட்சாமர் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

பார்க்க லட்சணமான ஜில்லாதான். பச்சைப் புல்வெளி, ரோஜாத் தோட்டம், கல்லால் கட்டிய பழைய சர்ச், சைக்கிளில் போகும் பாதிரியார், எல்லாம் உண்டு. ஆனால் நாலு மணிக்கு டீ சாப்பிட்டவர் ஆறு மணிக்குப் பிணமாகக் கிடப்பார். வெட்டு, குத்து என்று சாதாரணமாகவும் சாக மாட்டார்கள். ஒரு அம்மாளை வண்டிச் சக்கரம் போன்ற சீஸ் கட்டியால் தீர்த்துக் கட்டினார்கள். இன்னொருத்தரைப் புல்தரையில் அசையாமல் பிணைத்து வைத்து, கவண் மாதிரி ஒரு யந்திரத்தால் ஒயின் பாட்டில்களை வீசியே கொன்றார்கள். பாட்டில்களில் சரக்கு இருந்தது என்பதுதான் நம் ஆட்களுக்கு வயிற்றெரிச்சல்.

பயப்பட வேண்டாம். மிட்சாமர் என்று ஒரு ஊரே கிடையாது. கரோலின் கிரஹாம் என்கிற எழுத்தாளரின் நாவல்களை வைத்து, 1997-ல் ஐ.டி.வி. ஆரம்பித்த 'மிட்சாமர் மர்டர்ஸ்' என்ற டி.வி. தொடரின் கற்பனை ஜில்லா அது. 130 எபிசோடுகளுக்கு மேல் ஓடிவிட்டது. முதலில் டாம் பார்னபி என்கிற இன்ஸ்பெக்டர். அவராக நடித்த ஜான் நெட்டில்ஸ் 2011-ல் விலகியதும், அவருடைய கஸின் என்று சொல்லி இன்னொரு பார்னபியை அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாரிசு அரசியல் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரே எபிசோடில் மூன்று பேர் சாகிறார்கள். ஆனால் பார்க்கிறவனுக்கு ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறது?

இது புதுக் கேள்வியில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே இதைத் தொட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, சோபாவில் காலை நீட்டிய இங்கிலாந்துக்காரனுக்கு என்ன படிக்கப் பிடிக்கும்? கொலைச் செய்தி! நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் பிரித்ததும் கண் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். சங்கர்லால் டீ குடித்தபடி துப்புத் துலக்கியதையும், கணேஷும் வசந்தும் ஜோக்கடித்துக்கொண்டே கேஸ் நடத்தியதையும், விவேக்-ரூபலாவையும், பரத்-சுசீலாவையும் எலக்ட்ரிக் ட்ரெயினில் நின்றுகொண்டே படித்தவர்கள்தானே நாம். 1985-ல் தூர்தர்ஷனில் 'கரம்சந்த்' வந்தபோது, ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாதவர்கள்கூட அந்தத் துப்பறிவாளர் கேரட் கடிக்கிற அழகைப் பார்ப்பதற்காக உட்கார்ந்திருந்தார்கள்.

பார்னபியிடம் இருக்கிற முதல் சௌகரியம், அவர் சத்தம் போடுவதில்லை. நம் சினிமாவில் போலீஸ் ஹீரோ என்ட்ரி கொடுத்தால் முதலில் ஒரு ஜீப் பறக்க வேண்டும், பிறகு நாலு ரௌடிகள் பறக்க வேண்டும். பார்னபி காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காலிங் பெல் அடிக்கிறார். "சிரமத்துக்கு மன்னிக்கணும், செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கே இருந்தீங்க?" என்று, பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்கிற தோரணையில் விசாரிக்கிறார். இவருக்கு அண்ணன் ஒருத்தர் உண்டு: ஆக்ஸ்ஃபோர்டில் ஜாகுவார் காரில் சுற்றுகிற இன்ஸ்பெக்டர் மோர்ஸ். 1987-லிருந்து 2000 வரை வந்த தொடர். அவருக்குப் பிணத்தைப் பார்த்தாலே குமட்டும்!

அந்த ஊரில் சந்தேகக் கேஸில் பிடிபட்டவன் எவனும் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மறுநாள் கையில் மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்பதில்லை. இதுவும் ஒரு சௌகரியம்தானே, சார்?

எங்கள் திருவொற்றியூர் வீட்டின் கீழ் போர்ஷனில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஹார்பரில் விஞ்ச் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் பாஷை. ஆனால் என்னோடு உட்கார்ந்து மிட்சாமரைக் கண் கொட்டாமல் பார்ப்பார். நாலைந்து எபிசோடு பார்த்தபிறகு ஒரு நாள் கேட்டார்:

"இன்னா தம்பி, இந்தூர்ல ஒரு கன்டெய்னர் லாரிகூட ஓடாதா?"

நானும் அதை அப்போதுதான் கவனித்தேன். ஓடாது. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஹார்பர் கேட் திறக்கக் காத்திருக்கும் லாரி வரிசையைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, அந்தக் காலி ரோடே ஒரு மருந்து.

"புரியுதாண்ணே?" என்று கேட்டால், "பாஷை எதுக்குப்பா? கடைசில அந்தாளு பூட்ஸ் காலோட வருவான், கரெக்டா ஒர்த்தனைக் கைகாட்டுவான். அது போதும். தூக்கம் நல்லா வருது" என்பார்.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று, வரவுதான் ஞாபகம் வரும். பெரியவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்தது அனாமத்துக் கணக்கு.

காமர்ஸ் படிக்காத பாக்கியசாலிகளுக்காக: வருஷக் கடைசியில் எல்லாக் கணக்குகளையும் எடுத்து இருப்பாய்வு போடுவோம். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப் போக வேண்டும். போகாது. நூற்றுப் பதினெட்டு ரூபாய் இடிக்கும். எங்கே தப்பு என்று தெரிகிறவரை அந்தத் தொகையைத் தற்காலிகமாக ஒரு தலைப்பில் போட்டு வைப்போம். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் அனாமத்துக் கணக்கு. இங்கிலீஷில் என்ன பெயர் தெரியுமா? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! தப்பைக் கண்டுபிடித்துச் சரியான பதிவைப் போட்டதும் அனாமத்து பூஜ்யமாகிவிடும். அந்த நிமிஷத்தில் கிளார்க் முகத்தில் வருகிற பிரகாசம் இருக்கிறதே, அதுதான் பார்னபியின் கடைசி சீன். ஒன்றரை மணி நேரத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. சாகிற மூன்று பேருக்கும் காரணம் உண்டு, ஆள் உண்டு, கைது உண்டு. பாக்கி எதுவும் அடுத்த வாரத்துக்குப் போவதில்லை.

கதையில்தானே என்பீர்கள். நிஜத்திலும் எங்கள் பேட்டையில் ஒரு தடவை கணக்கு நேராகியிருக்கிறது.

1952 ஆகஸ்ட் கடைசி. எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. சொந்தக்காரர் யாரும் இல்லை. அசல் அனாமத்து. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத ஓர் உடல். அதே சமயத்தில் மெட்ராஸில் ஆளவந்தார் என்கிற பேனா, பிளாஸ்டிக் சாமான் வியாபாரியைக் காணோம் என்று அவர் மனைவி தேடிக்கொண்டிருந்தார். ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. மானாமதுரைப் பெட்டியும் ராயபுரத்துத் தலையும் ஒரே மனிதருடையவை என்று டாக்டர்களும் போலீசும் சேர்ந்து நிரூபித்தார்கள். விசாரணை ராயபுரத்திலேயே ஒரு வீட்டில் போய் நின்றது. அங்கே குடியிருந்த தம்பதி கைதானார்கள். 1953-ல் ஹைகோர்ட்டில் ஜூரி வைத்து வழக்கு. நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர். கணவருக்கு 7 வருஷம், மனைவிக்கு 3 வருஷம்.

தண்டனை குறைச்சலா, சரியா என்று ஊர்த் திண்ணைகளெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டது வேறு விஷயம். ஆனால் பெட்டி கிடைத்து ஒரு வருஷம் ஆவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கிடையாது, சி.சி.டி.வி. கிடையாது, செல்போன் டவர் கிடையாது. அனாமத்துப் பெட்டிக்கு ஒரு பெயர் கிடைத்து, கணக்கு பூஜ்யமானது. அத்தனை கோரமான சமாசாரத்தை ராயபுரத்துப் பாட்டிகள் பேரன் பேத்திக்கு ராத்திரிக் கதையாகச் சொல்ல முடிந்தது என்றால் அதனால்தான். முடிவு இருக்கிற பயங்கரத்தைச் சொல்லிவிட்டுத் தூங்கலாம்.

முடிவு இல்லாததை என்ன செய்வது?

ராயபுரத்திலிருந்து அதே கடற்கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே எண்ணூருக்கு வாருங்கள். 2017 ஜனவரி 28, விடியற்காலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் அந்தக் கறுப்புக் குழம்பைப் பக்கெட்டால் அள்ளினார்கள். கப்பல்களின் பெயர் பேப்பரில் வந்தது: பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம். மர்மம் ஒன்றுமில்லை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. வலை கறுப்பு, படகு கறுப்பு, கூழைக்கடா கறுப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி சி.பி.சி.எல். வளாகத்தைக் காட்டியது. நிறுவனம் தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அந்தக் கறை காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள். எந்த ஆலைக்குப் போகிற குழாய் என்பது தூக்கத்தில் எழுந்து ஓடிய குழந்தைக்கும் தெரியும்.

பார்னபியை ஒரு நாள் இங்கே கூட்டிவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். காரை நிறுத்த இடம் தேடவே மத்தியானம் ஆகிவிடும், அது போகட்டும். காட்டுக்குப்பத்தில் யாராவது ஒரு அம்மாவிடம், "செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கே இருந்தீங்க?" என்று பணிவாகக் கேட்பார். அந்த அம்மா ராத்திரியை மட்டுமா சொல்வாள்? ஆற்றில் எந்த வருஷம்வரை இறால் கிடைத்தது, எந்தப் பக்கத்துத் தண்ணீர் எப்போது சுட்டது, எந்தப் புகை எத்தனை மணிக்கு வரும், எல்லாம் தேதி வாரியாக வரும். டீ ஆறுவதற்குள் துப்பறிவு முடிந்துவிடும். மனுஷருக்குக் கஷ்டம் அதற்கப்புறம்தான். மிட்சாமரில் ஆள் யார் என்று தெரியாமல் ஆரம்பித்து, தெரிந்ததும் கதை முடிகிறது. இங்கே தெரிந்தபிறகுதான் கதையே ஆரம்பம். கமிட்டி வரும், அறிக்கை வரும், மறுப்பு வரும், வாய்தா வரும். கைகாட்டுகிற கடைசி சீன் மட்டும் வராது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"தெரியறது வேற, முடியறது வேற தம்பி. அவுங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணா வருது."

இதைவிடச் சுருக்கமாக எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். நிவாரணப் பணம் வந்தால் கணக்கு முடிந்ததாகாது. அது வரவுப் பக்கத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். யார் பற்றில் எழுதுவது என்று தீர்மானமாகிறவரை பாக்கித் தொகை அனாமத்தில்தான் நிற்கும். அனாமத்துக் கணக்கைப் பற்றி எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பாடம்: அது தற்காலிகம், வருஷா வருஷம் முன்னே கொண்டுபோகக் கூடாது. அப்படிக் கொண்டுபோகிற கம்பெனியில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எண்ணூர்க் கணக்கு 2017-லிருந்தே முன்னே போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தின பேரேடுகளை நான் புரட்டவே இல்லை.

ஆகவே, ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி இங்கிலாந்துக் கொலைகளைப் பார்க்கிறவனைச் சோம்பேறி என்று வீட்டில் திட்டினால் இதைச் சொல்லுங்கள்: கொலை பார்க்கவில்லை, கணக்கு முடிகிறதைப் பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு ஊரில் பற்றும் வரவும் ஒத்துப்போகிறது என்று தெரிந்தால்தான், நம் ஊரில் அது ஏன் ஒத்துப்போகவில்லை என்று காலையில் எழுந்து கேட்கத் தோன்றும்.