சிவப்பு லைட்டும் பெண் பார்த்த படலமும்

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. என் மாமாவின் மார்க் 2 மட்டும் நின்று நின்று இன்னமும் ஓடுகிறது.

டைனமோ வைத்த பழைய வண்டிகளில், சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சிவப்பு லைட் மினுக்கினால் பயப்படாதீர்கள். ஐடிலிங்கில் டைனமோ அரைத்தூக்கத்தில் இருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அணைந்துவிடும். ஓடும்போதே எரிந்தால்தான் வில்லங்கம்.

எனக்குப் பெண் பார்க்கப் போனோம். திண்டிவனம் தாண்டியதும் சிவப்பு லைட்.

"அது எப்பவும் மினுக்கும்டா" என்றார் மாமா.

பத்தே நிமிஷம். பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி! துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனவரை ஒரு லாரி டிரைவர் இழுத்துப் பிடித்தார். "மூஞ்சி வெந்துடும் சார்! நல்லா ஆறட்டும்."

ஆறியதும் காட்டினார். ஃபேன் பெல்ட் அறுந்து கிடந்தது. டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். லைட் எரிந்ததுமே நிறுத்தியிருந்தால் ஹெட் காஸ்கெட் பிழைத்திருக்கும்.

அடிக்கடி பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை இஞ்ச் இறங்கலாம். அதற்கு மேல் தொளதொளத்தால் இறுக்குங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

பெண்? வேறு இடத்தில் முடிந்துவிட்டது. மாமா இப்போதெல்லாம் டிக்கியில் இரண்டு பெல்ட் வைத்திருக்கிறார்.