பரோக் மலையின் பேயும் காணாமற்போன கூலியாட்களும்

கல்கா–சிம்லா மலை ரயில்பாதையில் பரோக் என்னும் சிறு நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, ரயில் ஒருநாளும் ஓடாத சுரங்கம் ஒன்று இருக்கிறது. தலைவிளக்கும் கைப்பேசியுமாக அதற்குள் நுழைவோர் பெருகிவிட்டனர். நுழைந்தவர் அனைவரும் ஒரே கதையோடு வெளியே வருகின்றனர். பரோக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மலையை இருபுறமிருந்தும் குடையச் செய்தார். இரு முனைகளும் சந்திக்கவில்லை. அரசு அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தது. அவமானம் தாளாமல் நாயுடன் உலாவச் சென்றவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அவருடைய ஆவி இன்றும் அங்கே உலவுகிறது. சில வடிவங்களில் நாய் உதவி தேடி ஓடுகிறது, சிலவற்றில் ஓடுவதில்லை. கதை சொல்பவர்கள் ஆவணம் எதையும் காட்டுவதில்லை. கேட்பவர்களும் அதைக் கேட்பதில்லை.

பொழுதுபோக்குக்காகக் காணொளி எடுப்பவர்களைக் கடிந்துகொள்ள அதிகமில்லை. காற்றோட்டமற்ற சுரங்கத்தில் மூச்சுக்காற்று குறையும், கூரைப் பாறை சொல்லாமல் உதிரும் என்று எச்சரித்தால் போதும். வழக்கு ஆய்வுலகத்தின் மீதுதான். கைவிடப்பட்ட இடங்களைப் பற்றிக் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் இப்போது பேயைக் கூச்சமின்றிக் கோட்பாடாக்குகின்றன. இடிபாட்டின் அழகியல், நினைவின் பேயுரு, இன்மையின் இருப்பு என்று சொற்கள் அணிவகுக்கின்றன. தெரிதா 1993இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘மார்க்சின் ஆவிகள்’. அதைச் சான்றுகாட்டும் கட்டுரைகள் பலவற்றில் ஆவி மட்டுமே எஞ்சுகிறது. மார்க்ஸ் வழியிலேயே இறக்கிவிடப்படுகிறார். அவரோடு கூலியும் இறங்கிவிடுகிறது.

இந்தக் கதையை அதன் சொந்தத் தர்க்கத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். மலைக்குள் இரு முனைகளும் சந்திப்பது அதிர்ஷ்டத்தால் நடப்பதன்று. மலையின் மேற்பரப்பில் கருவிகொண்டு ஒரு கோட்டைக் குறித்து, அதை இரு வாயில்களுக்கும் இறக்கி, குடையும் முகப்பு முன்னேற முன்னேற அக்கோட்டை உள்ளே நீட்டிச் செல்லவேண்டும். திசையில் ஒரு பாகை பிழைத்தால் 500 மீட்டர் ஆழத்தில் விலகல் 8 மீட்டரைத் தாண்டிவிடும். மட்டமும் அவ்வாறே. அளவையாளர், சங்கிலி பிடிப்பவர், முகப்பைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர், கணக்கை ஒப்புக்கொள்ளும் அலுவலகம் எனப் பலர் கைப்பட்ட வேலை அது. பிழை நேர்ந்திருந்தால் பல மாதங்கள் பலருடைய கண்முன் வளர்ந்தே நேர்ந்திருக்கும். அதை ஒரு கனவானின் மானக்கேடாகச் சுருக்கிவிட்டால் நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது. நூறாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் அந்தத் தப்பித்தலுக்குத் துணைநிற்பதுதான் வேடிக்கை.

ஒரு ரூபாய் அபராதத்துக்காகக் கண்கலங்கும் வாசகர் எவரும், பயனற்றுப்போன அந்தச் சுரங்கத்தைக் குடைந்தவர்களுக்கு அன்றாடக் கூலி வந்து சேர்ந்ததா என்று கேட்டதாகத் தெரியவில்லை. கதையில் ஓர் அதிகாரி இருக்கிறார், அவருடைய நாய் இருக்கிறது. மலையைத் துளைத்தவர்களில் ஒருவர்கூட இல்லை. நாய்க்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இது தற்செயலான மறதியன்று என்பதற்கு மும்பை–புனே பாதையின் போர்காட் மலையேற்றத்தைப் பார்க்கவேண்டும். 1856இல் தொடங்கி 1863இல் திறக்கப்பட்ட அந்த ஏற்றத்தில் 25 சுரங்கங்கள். இயன் கெர் 1995இல் வெளியிட்ட ‘பில்டிங் த ரயில்வேஸ் ஆஃப் த ராஜ்’ அந்த வேலைத்தலத்தைக் கூலிவழியாக வாசித்தது. வேலை உச்சத்திலிருந்த 1861இல் அங்கே உழைத்தவர்கள் 42,000 பேரளவில். ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அவர்களில் ஊர்விட்டு ஊர் சென்று மண்வேலையும் கல்வேலையும் செய்துவந்த ஒட்டர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அவர்களுக்குக் கல்லொட்டர், மண்ணொட்டர் என்று வேலைவழியே பெயர். ஒப்பந்தக்காரரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரர், அவரிடமிருந்து முக்காதம் என்று கைமாறித்தான் கூலி தொழிலாளியை அடைந்தது, அடையாமலும் போனது. 1859இல் கூலிப்பாக்கி கலகமாக வெடித்தது. அவ்வாண்டே ஒப்பந்தக்காரர் ஃபேவியெல் வேலையைக் கைவிட்டார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல் வந்த சில வாரங்களில் இறந்துபோக, மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தினார். காலரா குடிசைகளைத் துடைத்தெடுத்தது. 1860இல் முதலாளி–தொழிலாளி தகராறுச் சட்டம் வந்தது. ஒப்புக்கொண்ட வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கி அது சிறையைக் காட்டியது.

இத்தனையையும் ஒருவர் எழுத முடிந்ததற்குக் காரணம் போர்காட்டில் பேய் இல்லாதிருந்ததன்று. அவர் கூலியைப் பற்றிக் கேட்டார் என்பதே. பரோக்கில் அந்தக் கேள்வி எழும் இடத்தில் பேய் உட்கார்ந்திருக்கிறது.

பல்கு என்ற மலைவாசியின் கதி இன்னொரு விதம். சைல் அருகிலுள்ள ஜாஜா கிராமத்தைச் சேர்ந்த அவர், தலைமைப் பொறியாளர் ஹாரிங்டனுக்குச் சுரங்கத்தின் புதிய வழியைக் காட்டினார் என்பது மரபு. சிம்லாவில் அவர் பெயரில் ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் விதம் என்ன? கைத்தடியால் பாறையைத் தட்டி ஓசையைக் கேட்டே வழி கண்ட சித்தர் அவர். பாறையின் அடுக்கும் நீரோட்டமும் அறிந்தவர் ஆங்கிலேயராயிருந்தால் அவருக்குப் புவியியலாளர் என்று பெயர். மலைவாசியாயிருந்தால் அருள்வாக்குக்காரர். கர்னலைப் பேயாக்கிய அதே கை பல்குவைச் சாமியாக்கியது. இரண்டாலும் இழப்புக்கு உள்ளானது வேலையின் அறிவு.

பேய்க்கதையும் வாய்மொழி வரலாறுதானே, அதை ஏளனம் செய்வது மேட்டிமையல்லவா என்று ஒரு மறுப்பு வருவதுண்டு. வாய்மொழிக்கு மதிப்பு, கோப்பு மறந்தவர்களை அது நினைவில் வைத்திருப்பதால் வந்தது. இக்கதையோ பதவியுள்ளவரை நினைவில் வைத்து மற்ற அனைவரையும் மறக்கிறது. கோப்பு செய்த அதே வேலை. இன்று அது செழித்திருப்பதும் பயண விளம்பரங்களில்தான். சுற்றுப்புறச் சிற்றூர்களில் தண்டவாள வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிச்சென்று கேட்டால் அது வாய்மொழி வரலாறு. காணொளிக்குக் கீழே உள்ள குறிப்பைப் படியெடுப்பதற்கு வேறு பெயர்.

2008இல் கல்கா–சிம்லா பாதை, டார்ஜிலிங், நீலகிரிப் பாதைகளுடன் யுனெஸ்கோ மரபுச்சின்னப் பட்டியலில் சேர்ந்தது. மரபு என்ற சொல் வந்தபிறகு பளிங்குப் பலகைகள் பெருகின. அவற்றில் இன்றைய பரோக் சுரங்கத்தின் கணக்கு இருக்கிறது: எண் 33, நீளம் 1,143 மீட்டருக்குச் சற்று மேல், 1900 ஜூலை முதல் 1903 செப்டம்பர் வரை, செலவு 8.40 லட்சம் ரூபாய். இந்த நான்கு எண்களிலிருந்தே ஒரு முதுகலை மாணவர் தொடங்கலாம். ஏறத்தாழ 38 மாதங்களில் இருபுறமிருந்தும் குடைந்தார்கள் என்று கொண்டால், ஒரு முகப்பில் மாதத்துக்கு 15 மீட்டர், நாளுக்கு அரை மீட்டர். அரை மீட்டர் பாறைக்கு எத்தனை துளை, எவ்வளவு வெடிமருந்து, புகை அடங்குமுன் எத்தனை பேர் உள்ளே அனுப்பப்பட்டார்கள், ஒரு கூடைக் கல்லுக்கு என்ன கூலி?

கைவிடப்பட்ட சுரங்கம் இதற்காகத்தான் அரியது. பின்னாளைய ரயிலின் புகைக்கரியோ பழுதுபார்ப்பின் பூச்சோ அதன் சுவர்களை மூடவில்லை. உரிய அனுமதியோடும் பாதுகாப்போடும் நுழைபவர், உளித்தடமும் துளைத்தடமும் எஞ்சியிருக்கும் இடங்களை அளந்து வரையலாம். மறுபாதி வேலை தில்லியில் காத்திருக்கிறது: பொதுப்பணித்துறையின் ரயில்வே நடவடிக்கைத் தொகுதிகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்காவிலிருந்து தில்லிக்கு ரயிலும் இருக்கிறது.