திருவக்கரையில் டைனோசர் இருந்ததா? ஒரு பல்லை வைத்து மூளையைக் கணிக்க முடியுமா?

திண்டிவனம் பக்கம் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோவிலுக்கு பௌர்ணமிக்குப் போகிறவர்கள், அருகிலுள்ள தேசியக் கல்மரப் பூங்காவையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவதுண்டு. கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வரும் சந்தேகம்: "இங்க டைனோசர் இருந்துச்சா?"

இந்த மரங்கள் வளர்ந்த காலத்தில் இல்லை. இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. பறவைகளைத் தவிர மற்ற டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. தமிழ்நாட்டில் டைனோசர் எச்சம் வேண்டுமென்றால் அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே கிடைத்த ஒற்றைப் பல் ட்ரூடான்டிட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2013-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரிய மூளை கொண்ட டைனோசர்களில் முன்வரிசைக் குடும்பம் இது. அப்போ நம்மூர் டைனோசர் புத்திசாலியா? பல்லை வைத்துச் சொல்ல முடியாது. மண்டை ஓடு வேண்டும்.

மூளை அழுகிப்போகும், அது இருந்த குழி எலும்பில் நிற்கும். மண்டை ஓட்டை சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்தக் குழியின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வார்த்தெடுக்கிறார்கள். முன்பகுதிக் குமிழ் பெரிதென்றால் மோப்ப சக்தி அதிகம். உள்காதுச் சுருளின் நீளம் கேட்கும் திறனைக் காட்டும்.

சிக்கல் அடுத்துதான். குழி முழுக்க மூளையா? இன்று உயிரோடிருக்கும் உறவினர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கின்றன. காக்கா, கோழிக்கு மூளை குழியை ஏறக்குறைய நிரப்பிவிடும். வளர்ந்த முதலைக்கோ நிறைய இடம் காலி. டி.ரெக்ஸை எந்தப் பக்கம் சேர்ப்பது? பறவைக் கணக்கில் போட்டு, பபூன் குரங்குக்கு இணையான நியூரான்கள் அதற்கு இருந்தன என்றது 2023-ல் வந்த ஆய்வு. தலைப்புச் செய்திக்கு அருமையான தீனி! 2024-ல் இன்னொரு குழு மறுத்தது: மூளையின் அளவே மிகையாகக் கணிக்கப்பட்டிருக்கிறது, நியூரான் எண்ணிக்கையை மட்டும் வைத்து அறிவை அளக்கவும் முடியாது என்று. இரண்டாவது வாதமே வலுவாக இருக்கிறது.

முழு மண்டை ஓடு கிடைத்த விலங்குக்கே இவ்வளவு சண்டை. கல்லமேட்டிலோ கையில் இருப்பதும் தங்கவில்லை. 1980-களில் அங்கிருந்து விவரிக்கப்பட்ட ராட்சத 'ப்ருஹத்காயோசாரஸ்' எலும்புகள் பின்னர் பொடிந்துபோயின. மிச்சம் படங்களும் குறிப்புகளும்தான். திருவக்கரை மரங்களுக்குப் பூங்காவும் வேலியும் இருக்கின்றன. அரியலூரில் நாளைக்கே ஒரு ட்ரூடான்டிட் மண்டை ஓடு தலைகாட்டினால், அது ஸ்கேன் அறை வரை முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.