சித்தார்த்தர் தோற்ற வாக்கெடுப்பு

புத்தர் ஏன் வீட்டை விட்டுப் போனார்? போன வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: கிழவர், நோயாளி, பிணம், துறவி. பள்ளிப் பாடம் அப்படியே நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கதையை ஏற்கவில்லை. அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே கேட்கிறார்: 29 வயது வரை ஒருவர் முதுமையையும் நோயையும் சாவையும் பார்க்காமலா இருந்திருப்பார்? பாலி மகாபதான சூத்திரத்திலும் இந்த நான்கு காட்சிகள் கௌதமருக்கு வரவில்லை. வெகுகாலம் முன்பு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் விபஸ்ஸி புத்தருக்கே வருகின்றன.

அம்பேத்கர் நம்மை ரோகிணி ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறார். சாக்கியரும் கோலியரும் பாசனத்துக்கு நம்பியிருந்த ஆறு. முதலில் யார் தண்ணீர் எடுப்பது என்று தகராறு. சாக்கிய சங்கம் கூடுகிறது. சேனாபதி போர் வேண்டும் என்கிறார். சித்தார்த்தர் எழுந்து, இரு தரப்பும் இரண்டிரண்டு பேரை அனுப்பட்டும், அந்த நால்வர் ஐந்தாவது ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும், ஐவரும் பேசித் தீர்க்கட்டும் என்கிறார். வாக்கெடுப்பில் தோற்கிறார். படையில் சேரவும் மறுக்கிறார். மறுத்தால் தூக்கு அல்லது நாடுகடத்தல். இல்லையென்றால் குடும்பத்துக்கு ஊர்விலக்கு, நிலம் பறிமுதல். ஊர்விலக்கு என்றால் என்னவென்று நம் சேரிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குடும்பத்தைத் தொடாதீர்கள், நான் போகிறேன் என்று துறவு பூணுகிறார்.

இது வரலாறா என்று கேட்பீர்கள். பாலி உரைநூல்களில் ரோகிணித் தகராறு உண்டு. ஆனால் அங்கே அது புத்தர் ஞானம் பெற்ற பிறகு நடக்கிறது; அவரே போய் நிறுத்துகிறார். அம்பேத்கர் அதைத் துறவுக்கு முன்னால் வைத்து, அதையே காரணமாக்கினார். எனக்கு அதில் சங்கடமில்லை. 1927இல் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தவர் வேறு எங்கிருந்து தொடங்குவார்? மேடையில் பேசும்போது மட்டும் இதையும் சேர்த்தே சொல்லுங்கள். நாம் மறைத்தால் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

என்னை உறுத்துவது அதற்கு அடுத்த பகுதி. ஐந்து பரிவிராஜகர்கள் வந்து, போர் நின்றுவிட்டது, சமாதானம் ஆகிவிட்டது, நீங்கள் வீடு திரும்பலாம் என்கிறார்கள். அவர் திரும்பவில்லை. ஆற்றுச் சண்டை தீர்ந்தது. அரசர்களுக்குள், வீடுகளுக்குள், வர்க்கங்களுக்கு இடையே ஓயாமல் நடக்கும் சண்டை தீரவில்லையே என்று யோசிக்கிறார். இழப்பீட்டுக் காசோலை வந்த அன்றே கலைந்துபோன போராட்டக் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு அந்தப் பக்கங்களை வட்டத்தில் சத்தமாக வாசிக்கப் போகிறோம்.