மேலிருந்து வருபவரின் பொறுப்பு



சென்ற மாதம் இப்பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். சுவிற்சர்லாந்தில் வாழும் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒருநாள் நடந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அக்கா குடும்பம் லுட்சேர்ன் நகரில் இருக்கிறது. அத்தானுக்கு உணவகமொன்றின் சமையலறையில் வேலை. பெப்ரவரியில் அங்கே பாடசாலை விடுமுறை. அக்காவின் மகளுக்குப் பதின்மூன்று வயது. பாடசாலை முகாமில் பனிச்சறுக்குப் பழகியவள். "சித்தி ஒருநாளாவது சறுக்கிப் பாக்கோணும்" என்று பிடிவாதமாக நின்று, ஒரு சனிக்கிழமை என்னை எங்கெல்பேர்க் என்ற மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கிராமம் சுமார் 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கும் தித்லிஸ் மலை 3,238 மீற்றர். நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான்.

விடுமுறையும் சனிக்கிழமையும் சேர்ந்ததால் ரயிலிலேயே நிற்க இடமில்லை. எல்லோர் தோளிலும் நீளமான சறுக்குப் பலகைகள். மேலே போகும் கேபிள் காருக்கு நீண்ட வரிசை. நிவாரண வரிசை, கூப்பன் கடை வரிசை, விசாரணை வரிசை என்று நமக்குத் தெரியாத வரிசையில்லை. ஆனால் விளையாடுவதற்காக இத்தனை பேர் பொறுமையாக வரிசையில் நிற்பதை அன்றுதான் கண்டேன்.

வாடகைக்கு எடுத்த சப்பாத்தைப் போட்டதும் காலுக்குச் சீமெந்து பூசியதுபோல் இருந்தது. முதற்பாடம், எப்படி விழுவது என்பது. பின்பக்கம் சாயாமல் பக்கவாட்டில் விழவேண்டும். அடுத்தது எப்படி நிறுத்துவது. பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டவைத்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். புதியவர்களுக்கான சரிவில் நாலு வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து போனார்கள். அதில் எனக்கு வெட்கமில்லை. என் சிக்கல் வேறு.

முதுகுக்குப் பின்னால் "சர்ர்" என்று ஒரு சத்தம் வரும். யாரோ வேகமாக இறங்கி வருகிறார் என்று அறிவு சொல்லும். ஆனால் அதற்கு முதலே உடம்பு குனிந்துவிடும். 2009 இல் எனக்குப் பதினாறு வயது. மேலிருந்து வரும் சத்தத்துக்குப் பதுங்குகுழி தேடிப் பழகிய உடம்பு இது. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். திரும்பியதும் விழுந்தேன்.

"பின்னால பாக்காதேங்கோ சித்தி. முன்னுக்குப் பாருங்கோ. பின்னால வாறவைதான் உங்களைப் பாக்கோணும்" என்றாள் பிள்ளை. என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அங்கிருந்த ஓர் அறிவித்தல் பலகையைக் காட்டி வாசித்து விளங்கப்படுத்தினாள்.

பனிச்சறுக்குக்கான சர்வதேச சம்மேளனம் 1967 இல் பத்து விதிகளை வகுத்தது. திருத்தங்களுடன் அவை இன்றும் நடைமுறையில் உள்ளன. மேலிருந்து அல்லது பின்னாலிருந்து வருபவர், முன்னால் செல்பவருக்கு ஆபத்து வராதபடி தன் பாதையைத் தெரிவுசெய்ய வேண்டும். தன் திறமைக்கும் அங்குள்ள சனநெரிசலுக்கும் ஏற்பவே வேகம் இருக்க வேண்டும். கீழே நிற்பவருக்கும் கடமை உண்டு. ஒடுங்கிய இடத்தில் வீணாக நிற்கக்கூடாது. நின்று மீண்டும் புறப்படும்போது மேலும் கீழும் பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் உதவுவது எல்லோருக்கும் கடமை. மோதியவரோ, மோதப்பட்டவரோ, கண்ட சாட்சியோ, எவராயினும் பெயர் விபரம் கொடுக்க வேண்டும். விபத்து வழக்குகளில் சுவிஸ் நீதிமன்றங்களும் இந்த விதிகளை அளவுகோலாக எடுக்கின்றன.

மத்தியானத்துக்குப் பிறகு சனம் இன்னும் கூடியது. மேற்சரிவிலிருந்து வேகமாக வந்த ஒருவரின் பலகை என்னுடையதில் தட்ட, நான் பக்கவாட்டில் விழுந்தேன். எழும்புவதற்கு முன்பே என் வாய் "சொறி" என்றது. அவர் சற்றுக் கீழே நின்று, பலகைகளைக் கழற்றிவிட்டு, அந்தப் பாரச் சப்பாத்துடன் என்னிடம் ஏறி வந்தார். அடிபட்டதா என்று கேட்டு மன்னிப்புக் கோரினார். பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதித் தந்தார். அவர் போனபின் பிள்ளை கேட்டாள்: "நீங்கள் ஏன் சித்தி மன்னிப்புக் கேட்டனீங்கள்? மேலயிருந்து வந்தது அவரெல்லோ?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில் வேறொரு சரிவில் ஒரு பெண் காலில் அடிபட்டுக் கிடந்தார். அவருக்குச் சற்று மேலே யாரோ இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறிபோலப் பனியில் குத்தி வைத்திருந்தார்கள். இங்கே ஒருவர் விழுந்து கிடக்கிறார், விலகிப் போங்கள் என்று மேலிருந்து வருபவர்களுக்கு அது அறிவித்தல். மீட்புப் பணியாளர்கள் சறுக்குவண்டியுடன் வரும்வரை இருவர் அவர் பக்கத்திலேயே நின்றார்கள்.

அங்கே எல்லோரும் விதிப்படி நடக்கிறார்கள் என்று சொல்லவரவில்லை. மோதிவிட்டு ஓடுபவர்களும் உண்டு. ஆனால் ஓடியவர் பிழை செய்தவர் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் பெண்கள் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மூத்த அம்மா ஒருவர் சிரித்தார். "இஞ்ச தட்டிப்போட்டுப் போறவனை ஒருத்தரும் கேக்கமாட்டினம் பிள்ளை. நீ ஏன் அதில நிண்டனீ எண்டுதான் எங்களைக் கேப்பினம்."

உண்மைதான். கணவனை இழந்தவள் வெளியே போனால் அவளிடம்தான் கேள்வி. நுண்கடன் தவணை பிந்தினால் அவளுக்குத்தான் ஏச்சு. அவளால் கட்டமுடியுமா என்று பார்க்காமல் கடன் கொடுத்தவரிடம் கேள்வியில்லை. பலமுள்ளவர் பார்த்து வரவேண்டிய இடத்தில், நாங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்து விழுகிறோம். விழுந்த பிறகு மன்னிப்பும் நாங்களே கேட்கிறோம்.

அன்று பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி, தவணை கேட்டு வீட்டுக்கு வருபவர்கள் முற்றத்தில் நின்று சத்தம் போடுகிறார்கள் என்று முதன்முறையாக வாய்திறந்து சொன்னார். அடுத்த முறை அவர்கள் வரும் நாளில் குழுவிலிருந்து இருவர் அவர் வீட்டில் இருப்பதென்றும், வருபவரின் பெயரையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிவைப்பதென்றும் தீர்மானித்தோம். அந்த மூத்த அம்மாதான் முதலில் கையை உயர்த்தினார்.

உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.