கேட்டு என்ன கிழித்தார்?

“சட்டசபையில என்ன பேசினாருன்னு எங்களுக்கு எதுக்கு சார்? ரோடு போட்டாரா, அதைச் சொல்லுங்க.” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தேர்தல் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். நல்ல எம்.எல்.ஏ. என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வருவார், மனுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், மந்திரியைப் பார்த்து முடித்துத் தருவார். கோட்டையில் எழுந்து நின்று கேள்வி கேட்பது வெட்டி வேலை. போனால் போகிறது, எதிர்க்கட்சிக்காரர் செய்துவிட்டுப் போகட்டும். படித்தவர், படிக்காதவர், தொழிற்பேட்டை முதலாளி, ஷேர் ஆட்டோ ஓட்டுநர் என்று எல்லாரும் இதில் ஒரே கட்சி. இந்த நம்பிக்கைதான் நம் புறநகரை இந்தக் கதியில் வைத்திருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் கைப்பட ஒதுக்கக்கூடிய தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பேருந்து நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. கூடவே அவர் பெயரும் படமும் வருகின்றன. தமிழ்நாடு அரசு ஓராண்டில் செலவழிப்பதோ 3 லட்சம் கோடிக்கு மேல். அந்தப் பெரிய பணம் எங்கே போகிறது, எங்கே தங்கிவிட்டது என்று அமைச்சரை நிற்கவைத்துக் கேட்கும் உரிமையும் அதே உறுப்பினருக்கு உண்டு. நாம் அவரை 3 கோடிக்கு எடை போடுகிறோம். லட்சம் மடங்கு பெரிய பணத்தைப் பற்றி அவர் வாய் திறந்தாரா என்பதை விசாரிப்பதே இல்லை.

பூந்தமல்லிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2016-இல் அ.தி.மு.க. சார்பில் வென்ற டி.ஏ.ஏழுமலை, கட்சிக்குள் தனி அணி கண்ட டி.டி.வி.தினகரன் பக்கம் போன 18 உறுப்பினர்களில் ஒருவர். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் அந்த 18 பேரையும் தகுதி நீக்கம் செய்தார். வழக்கு நீண்டது, 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் நீக்கம் செல்லும் என்றது, 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல், மே 23-இல் முடிவு. ஆக, இருபது மாதம் பூந்தமல்லித் தொகுதிக்குப் பேரவையில் ஆளே கிடையாது. இதே காலத்தில் நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது. 2016 அக்டோபரில் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலத்துக்குப் பிறகு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்தான். கீழேயும் ஆளில்லை, மேலேயும் ஆளில்லை.

இந்த இருபது மாதத்துக்குள் என்ன வந்தது தெரியுமா? பூந்தமல்லிக்கு அடுத்து இருக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. ஏரியைக் கையாண்ட விதத்தைக் குறை சொன்ன தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை பேரவைக்கு வந்தது 2018 ஜூலையில். எத்தனை மணிக்கு முடிவெடுத்தார்கள், உத்தரவில் கையெழுத்து யாருடையது, கீழே இருக்கும் ஊர்களுக்கு எப்போது சொன்னார்கள் என்று அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க ஏரிக்கரைத் தொகுதியின் பிரதிநிதி அவையில் இருந்திருக்க வேண்டும். அந்த நாற்காலி காலி. நாற்காலி காலியாக இருக்கிறது என்று ஊரில் எத்தனை பேர் கொதித்தோம்? மனு வாங்க மாவட்டச் செயலாளரும் வட்டச் செயலாளரும் இருந்தார்கள். நமக்கு அது போதுமாக இருந்தது.

ஆவடியின் கதை இன்னும் வேடிக்கை. 2016-இல் வென்ற மாஃபா பாண்டியராஜன் அமைச்சர் ஆனார். 2021-இல் வென்ற சா.மு.நாசர் பால்வளத் துறை அமைச்சர் ஆனார். 2023 மே மாதம் பதவி போய், 2024 செப்டம்பரில் மறுபடி வந்தது. நடுவில் விட்டுப்போன காலம் தவிர, இரண்டு பேரவைக் காலத்திலும் ஆவடிக்கு மந்திரி யோகம். ஊர் பெருமைப்பட்டது. ஆனால் அமைச்சர் பதில் சொல்கிறவர். எழுந்து நின்று சக அமைச்சரைக் கேள்வி கேட்க மாட்டார். மந்திரி வந்த அன்றே தொகுதி தன் கேள்வியை இழந்துவிடுகிறது. 2019 ஜூனில் ஆவடியை மாநகராட்சி ஆக்கினார்கள். வரி என்ன ஆகும், பாதாளச் சாக்கடை எப்போது முடியும் என்று கேட்க அப்போது நகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலர் ஆட்சி. பேரவையில் இருந்தவரோ அமைச்சர். 48 வார்டு கொண்ட மாநகராட்சி, கேட்பார் இல்லாமல் பிறந்தது.

“மந்திரி இருந்தால் காரியம் நடக்குமே” என்பீர்கள். நடக்கட்டும். அப்படி நடப்பது சலுகை. கொடுத்தவர் நினைத்தால் நிறுத்தலாம், அடுத்த தெருவுக்கு மாற்றலாம், தேர்தல் வரை தள்ளிப்போடலாம். மனு கொடுத்தவன் கையில் மிஞ்சுவது ஒரு ரசீது. அதுவும் கேட்டு வாங்கினால். பேரவையில் கேட்ட கேள்விக்கு அமைச்சர் தரும் பதில் அவைக் குறிப்பில் ஏறுகிறது. வேண்டுமென்றே பொய் சொன்னால் உரிமை மீறல். ‘இன்ன வேலை நடக்கும்’ என்று சொல்லிவிட்டால், அது நடந்ததா என்று துரத்திப் பிடிக்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று பேரவைக்கு இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்கிறது. எம்.எல்.ஏ. காதோடு காதாகக் கேட்டு வாங்கிய வாக்குறுதிக்கு எந்தக் குழு துணை வரும்?

கொரட்டூர் ஏரியை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்குத்தான் வரும். வருகிற தண்ணீரோடு சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். “ஏரியைக் காப்பாற்ற ஆவன செய்ய வேண்டும்” என்று எழுதினால் அது மனு. எந்த அதிகாரியும் தூக்கம் கெடாமல் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிவிடுவார். கழிவு எந்தெந்த வாய்க்கால் வழியாக வருகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எத்தனை ஆலைகளுக்கு நோட்டீஸ் கொடுத்தது, எத்தனையை மூடியது, மூடியவற்றில் எத்தனை மறுபடி திறந்தன, குடிநீர் வாரியம் விடுபட்ட தெருக்களுக்குச் சாக்கடை இணைப்பை எந்தத் தேதிக்குள் தரும்? இது கேள்வி. இதற்குப் பதில் எழுத ஒரு துறையே கோப்பைப் புரட்ட வேண்டும். பொறியாளரிடம் கணக்குக் கேட்பார்கள். பதில் அவைக்குப் போகும் முன்பே இரண்டு குழாய் அடைபட்டுவிடும். அலுவலகம் எப்படி ஓடும் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் இன்றைய கேள்வி நேரத்தின் லட்சணத்தையும் மறைக்கக் கூடாது. 2022 ஜனவரியில் இருந்து நேரலையில் பார்க்கிறோமே. உறுப்பினர் எழுகிறார். தலைவருக்கு வாழ்த்து, துறை அமைச்சருக்குப் புகழ்மாலை, பேரவைத் தலைவருக்கு நன்றி; பிறகு, “எனது தொகுதியில் பாலம் அமைக்க அமைச்சர் அவர்கள் முன்வருவாரா?” அமைச்சர் எழுந்து, “நிதிநிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்.” முடிந்தது. இது மைக் வைத்துக்கொண்டு கொடுக்கும் மனு, அவ்வளவுதான். ‘முன்வருவாரா’ என்று கேட்டால் ‘வருவார்’ என்றோ ‘வரமாட்டார்’ என்றோதான் வரும். எத்தனை, எப்போது, யார் என்று கேட்டால்தான் எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும். உறுப்பினர்கள் இப்படிக் கேட்கப் பழகாததற்கு அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பாலத்தைக் கேட்டவர் என்ற பெயருக்கு ஓட்டு விழுகிறது. போன முறை பாலத்துக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு விழுவதில்லை.

பேரவை கூடும் நாளே குறைவு என்பது இதைவிடப் பெரிய குறை. ஆண்டுக்கு 100 நாள் கூட்டுவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அதற்கு முன்னால் ஜெயலலிதா ஆட்சியில் 110-ஆம் விதி கொடிகட்டிப் பறந்தது. அறிவிப்பு உண்டு, விவாதம் கிடையாது, கேள்வி கிடையாது. யார் வந்தாலும் கேள்வி என்றால் கசக்கிறது. கேள்வியால் ஒன்றும் ஆகாது என்றால் ஏன் கசக்க வேண்டும்? 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தை ரத்து செய்தார்கள். எழுத்துப் பதிலுக்குத் தடை இல்லை. நேருக்கு நேர் எழுந்து கேட்கும் துணைக்கேள்விக்குத்தான் கதவைச் சாத்தினார்கள். வெள்ளைக்காரனும் இதே குறியாகத்தான் இருந்தான். 1892-இல் சட்ட மன்றங்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தான், துணைக்கேள்வியைக் கொடுக்கவில்லை. 1909-இல் கேட்டவருக்கு மட்டும் துணைக்கேள்வி. மாகாணங்களுக்குச் சில துறைகளைப் பிரித்துக் கொடுத்த 1919 சட்டத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் கேட்கலாம் என்றானது. ஒன்றுக்கும் உதவாத பொருளை இப்படிப் படிப்படியாக அளந்து கொடுப்பானா?

‘கேள்வி எதிர்க்கட்சியின் வேலை’ என்பவர்களுக்கு பெரோஸ் காந்தியை நினைவூட்ட வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், சுமார் 1.24 கோடி ரூபாய், முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் போடப்பட்டது ஏன் என்று 1957-இல் தன் கட்சி அரசையே மக்களவையில் குடைந்தார். சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார். அந்த நிதியமைச்சர் நம் சென்னைக்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. கட்சி உடையவில்லை, ஆட்சி கவிழவில்லை, நேருவும் பிரதமராகவே இருந்தார். 2021 பேரவையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல் நான்கும் ஆளுங்கட்சிக்கே போயின. ஆளுங்கட்சிக்காரர் கேட்கக் கூடாது என்றால், இந்த மேற்குப் புறநகர் முழுக்க ஐந்தாண்டுக்கு வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானா?

‘கேட்பவர் செய்ய மாட்டார், செய்பவர் கேட்க மாட்டார்’ என்றொரு பேச்சும் உண்டு. இந்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்க வேண்டும். தீரர் சத்தியமூர்த்தி முதலில் சென்னை மாகாண மன்றத்திலும் பிறகு டெல்லி மத்திய சட்டசபையிலும் இருந்தவர். கேள்வி நேரத்தில் வெள்ளை அரசைத் திணறடித்ததே அவர் பெயருக்குப் பாதிக் காரணம். அதே மனிதர் 1939-இல் சென்னை மேயர் ஆனதும் செய்தது என்ன? நகரின் குடிநீருக்காகத் திருவள்ளூர் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். 1940-இல் அடிக்கல், 1944-இல் அணை முடிந்தது, 1943-இலேயே அவர் போய்விட்டார். இன்றும் அங்கிருந்து இணைப்புக் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் தண்ணீர் வருகிறது. கேள்வி கேட்டே பேர் வாங்கியவர் கட்ட வைத்த அணை அது.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது எம்.எல்.ஏ. எதற்கு என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஆர்.டி.ஐ. மனுவுக்குப் பதில் தருபவர் பொதுத் தகவல் அலுவலர்; அமைச்சர் அல்ல. மழுப்பினால் எழுந்து நின்று துணைக்கேள்வி கேட்க முடியாது. மேல்முறையீடு என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அது நல்ல ஆயுதம்தான், மறுக்கவில்லை. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று 2005 சட்டத்தில், தனிநபர் தகவல் பற்றிய பிரிவில், ஒரு வரி இருந்தது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. குடிமகன் கை இப்படிச் சுருங்கச் சுருங்க, உறுப்பினரின் வாய்தான் நமக்கு மிச்சம்.

கேட்க ஆளே இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதற்குக் கடல் தாண்டியும் ஒரு சாட்சி உண்டு. இலங்கையின் வட மாகாண சபைக்கு 2013-இல் முதல் தேர்தல் நடந்தது, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. ஆண்டுகள் கடந்தும் அடுத்த தேர்தல் நடத்தப்படாமல், ஆளுநரே நிர்வாகம் செய்தார். பள்ளிக்கூடம் நடந்தது, ஆஸ்பத்திரி நடந்தது. பதில் சொல்லும் கடமைதான் யாருக்கும் இல்லை. 2016 முதல் 2022 வரை நம் நகராட்சிகளிலும் இதே கதைதான். வட மாகாணத்தார் தேர்தல் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். நாம் தனி அலுவலரிடம் மனு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2022-இல் கவுன்சிலர்கள் வந்தார்கள். அம்பத்தூர் இப்போது சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். அதற்கு மண்டலக் குழு உண்டு, ரிப்பன் மாளிகையில் மன்றம் உண்டு, அங்கே கேள்வி நேரமும் உண்டு. ஆவடிக்குத் தனி மன்றம், பூந்தமல்லிக்கு நகர்மன்றம். ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கவுன்சிலர் வீட்டுக்கோ எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கோ போகும்போது மனுவை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பின்பக்கத்தில் எத்தனை, எப்போது, யார் என்று தொடங்கும் மூன்று கேள்விகளையும் எழுதி, “இதை மன்றத்தில் கேட்டுப் பதிலை வாங்கிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வரும்போது, அந்தப் பதில் எங்கே என்று கேளுங்கள்.